பழைய நாவல், புது நாவல்: எந்தப் பதிப்பை வாங்குவது, எதை முதலில் படிப்பது?

ஏட்டுவாசி:

"பிரதாப முதலியார் சரித்திரம் ஐம்பது பக்கத்தோடு நின்றுவிட்டது", "விஷ்ணுபுரம் பாதியில் கிடக்கிறது" என்று வரும் புலம்பல்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓர் உரையாடல் இழை தொடங்கிவிடலாம் என்று தோன்றியது.

இப்படிப் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் வாசகரின் பொறுமையோ நூலின் தரமோ காரணமில்லை. அந்த நாவல் முதலில் எந்த வடிவில் வாசகர் கைக்குப் போனது என்று தெரியாமல் உள்ளே நுழைவதுதான் காரணம். வாரத் தொடராக எழுதப்பட்டதை ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். நேரடியாக நூலாக எழுதப்பட்டதை வாரம் பத்துப் பக்கம் என்று படித்தால் இழை அறுந்துபோகும்.

'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் நேரடியாக நூலாக வந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். தமிழில் நாவல் என்ற வழக்கமே இல்லாத காலம். அதனால் அவர் கதைக்குள் கிளைக்கதை, அதற்குள் ஒரு நீதிக்கதை, நடுவே ஒரு பிரசங்கம் என்று போகிறார். மூலக்கதை எப்போது நகரும் என்று காத்திருந்தால் அலுப்புத்தான் மிஞ்சும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் வைத்து, ஒவ்வொன்றையும் தனிக்கட்டுரையாக எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றங்களில் தமிழ் நடக்கவேண்டும் என்று அவர் வாதிடும் இடத்தையும், நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ராஜ்யம் ஆளும் பகுதியையும் அவசரப்படாமல் படியுங்கள். நீதிமன்றத்துக்குள்ளேயே இருந்தவர் எழுதியது என்பது அந்த வாதத்தில் நன்றாகத் தெரியும்.

'கமலாம்பாள் சரித்திரம்' வேறு வகை. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்ற தலைப்பில் வந்த தொடர் அது. முன்பாதியில் சிறுகுளம் கிராமத்து வம்பும் வீட்டுப் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரும் வருகிறார்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சு பழசாகவில்லை. பின்பாதியில் நாவல் வேதாந்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. எழுதிய ராஜமய்யர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். எழுதும்போதே அவர் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 1896இல் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியரானார், 1898இல் மறைந்தார். நாவல் இரண்டாகப் பிளந்து தெரிவதற்கு இதுதான் காரணம். முன்பாதியைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன்.

தென்னங்கீற்று:

கடைசி வரியில் உடன்பாடில்லை ஐயா. கமலாம்பாளின் கணவர் முத்துசாமி அய்யர் ஊர் வாயில் விழுந்து அவதிப்படுவதும் சொத்தை இழப்பதும் முன்பாதியிலேயே போட்ட விதைகள். அந்த மனிதர் துறவு நோக்கிப் போவது வலிந்து ஒட்டவைத்ததாக எனக்குப் படவில்லை. பின்பாதியில் குறையென்றால், பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் ஆசிரியரே பேசிவிடுகிறார் என்பது ஒன்றுதான்.

மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தையும் (முதல் பாகம் 1898) இதோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். ராஜமய்யரும் மாதவையாவும் 1872இல் பிறந்தவர்கள். ஒரே வயதுக்காரர்கள், ஒரே பத்தாண்டில் எழுதியிருக்கிறார்கள், போன திசைதான் வேறு. பெண் கல்வி, பால்ய விவாகம், ஆங்கிலப் படிப்பு எல்லாவற்றையும் மாதவையா வீட்டுக்குள்ளேயே நிறுத்தி விசாரிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் இருவரின் துணிச்சலும் விளங்கும்.

இலங்கையை விட்டுவிடக் கூடாது. சித்திலெவ்வை மரைக்காயரின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது, கமலாம்பாளுக்கும் முன்னால்.

நூலகப்படி:

பதிப்பு பற்றி நான் சொல்கிறேன். இழை அறுவதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

நூலைக் கையில் எடுத்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு ஆண்டு இருக்கிறதா? எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டு அச்சிட்டார்கள் என்ற குறிப்பு இருக்கிறதா? பதிப்பாசிரியர் பெயர் இருக்கிறதா? மூன்றும் இல்லை, "முதல் பதிப்பு" என்று போன வருடத் தேதி மட்டும் இருக்கிறது என்றால், முன்னால் வந்த ஏதோ ஒரு மலிவுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

நாட்டுடைமையான நூல்களில்தான் இது மிகுதி. உரிமைத் தொகை தரவேண்டியதில்லை என்பதால் பல பதிப்பகங்கள் ஒரே நேரத்தில் போடுகின்றன. செலவைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்குவார்கள், பத்தி இடைவெளியை எடுப்பார்கள், மெய்ப்புப் பார்ப்பதையும் விட்டுவிடுவார்கள். கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாயின. 'பொன்னியின் செல்வன்' இன்று எத்தனை பதிப்பில் கிடைக்கிறது என்று கணக்கெடுப்பதே கடினம். அதைச் சோதிக்க எளிய வழி அத்தியாய எண்ணிக்கை. புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. ஆக மொத்தம் 293. கடைசியில் கல்கியின் முடிவுரை இருக்கவேண்டும். கதை முடிந்தபின் யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு அவர் அதில்தான் பதில் சொல்கிறார். எண்ணிக்கை குறைந்தாலோ முடிவுரை இல்லாவிட்டாலோ வாங்காதீர்கள். அட்டையின் மூலையில் 'சுருக்கம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு.

அடுத்தது, நடுவில் மூன்று இடத்தைப் பிரித்துப் பாருங்கள். பாட்டு வரும் பக்கம் ஒன்று, உரையாடல் பக்கம் ஒன்று, அத்தியாயம் முடியும் பக்கம் ஒன்று. பாட்டின் அடிகள் உரைநடையோடு கலந்து ஓடுகின்றனவா, உரையாடலில் மேற்கோள் குறி மூடாமல் நிற்கிறதா, அத்தியாயத்தின் கடைசிப் பத்தி பாதியில் வெட்டுப்படுகிறதா? இந்த மூன்று பக்கம் சரியாக இருந்தால் மற்றவையும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.

முன்னுரை பற்றியும் ஒன்று. கிளாசிக் வரிசைகளில் வரும் விமர்சகர் முன்னுரைகள் பெரும்பாலும் முடிவு வரை பேசிவிடும். முன்னுரையில் ஆசிரியரே எழுதியதை முதலிலும் மற்றவர் எழுதியதைக் கடைசியிலும் படியுங்கள்.

சுழல்காற்று_மதுரை:

வருடியெடுத்த (ஸ்கேன் செய்த) பழைய நூல்களைப் படிப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் தமிழ்நாட்டில் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு மேலே சுழித்துத் தொங்கும் கொம்பு இருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் கால் போடாமல் தனி வடிவம் இருக்கும். மனிதக் கண் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்தான் அங்கே தடுமாறும். 'மாலை' என்ற சொல் 'மால' என்றோ அர்த்தமில்லாத ஏதோ ஒன்றாகவோ வந்து நிற்பது இதனால்தான். அப்படி எடுத்த பிரதியைக் கைபேசியில் படிப்பதைவிட, படமாகவே இருக்கும் கோப்பைப் படிப்பது நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறையப் பழைய நூல்கள் பட வடிவிலேயே உள்ளன. இலங்கை நூல்களுக்கு 'நூலகம்' தளம் இருக்கிறது.

தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இருப்பவை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தவை. 1998இல் தொடங்கிய முயற்சி என்பதால் ஆரம்பக் கோப்புகள் பழைய குறியாக்கத்திலும் இருக்கும். ஒருங்குறி (யூனிகோடு) கோப்பை எடுங்கள், இல்லாவிட்டால் திரையில் குப்பை எழுத்து வரும்.

பவளமல்லி:

பொன்னியின் செல்வனைப் பற்றி ஒரு கேள்வி நூலகப்படி சார். கல்லூரிப் பிள்ளைகள் பலர் முதல் பாகம் வேகமாகப் போகிறது, மூன்றாம் பாகத்தில் இழுக்கிறது என்கிறார்கள். அதற்கு என்ன செய்யச் சொல்வீர்கள்?

நூலகப்படி:

அது 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கும் மேல் 'கல்கி' வார இதழில் வந்தது அம்மா. இதழுக்கு ஓரிரு அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு நிற்கும். அடுத்தது தொடங்கும்போது, நடந்ததைக் கொஞ்சம் திரும்பச் சொல்வார். போன வாரத்து இதழைத் தவறவிட்டவருக்காக எழுதிய வரிகள் அவை. ஒரே நாளில் பதினைந்து அத்தியாயம் படிப்பவருக்கு அதே வரிகள் இழுவையாகத் தெரியும். நாளுக்கு நான்கு அத்தியாயம் என்று வையுங்கள், இரண்டரை மாதத்தில் முடியும். முடிச்சுக்கு முடிச்சு ஓர் இரவு இடைவெளி கிடைத்தாலே இழுவை பாதி குறைந்துவிடும்.

மணியத்தின் ஓவியங்களோடு வந்த பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். வாசகர் முதலில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துக்கு வருவார் என்பது அந்தக் காலத்துத் தொடர்கதையின் நடைமுறை.

வரைபடம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆடிப் பதினெட்டன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும்போது கல்கி எழுபத்து நான்கு கணவாய்கள் (தண்ணீர் வெளியேறும் மதகுகள்) என்று எண்ணிச் சொல்கிறார். அந்த ஏரி இன்றைய வீராணம். அங்கிருந்து கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, கோடிக்கரை என்று பயணம் நடக்கும் பாதை தெரிந்தால், யார் எங்கே போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்பது தானாகவே புரியும். கதையின் பாதிப் பதற்றம் அந்த நாள்கணக்கில்தான் இருக்கிறது.

வரலாற்றைப் பின்னால் படிக்கட்டும். ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய உடையார்குடிக் கல்வெட்டை முதலிலேயே படித்துவிட்டால், கல்கி கடைசி வரை மூடிவைத்த சந்தேகம் பயனில்லாமல் போய்விடும்.

மேலத்தெரு:

தொடராக வந்தது என்பதற்காக இவ்வளவு சலுகை தரவேண்டுமா? தி. ஜானகிராமனின் 'மோக முள்'ளும் 'சுதேசமித்திர'னில் தொடராக வந்ததுதான். அதில் எந்த அத்தியாயம் முடிச்சுப் போட்டு நிற்கிறது? கும்பகோணத்துத் தெருவும் ரங்கண்ணாவின் தம்புராவும் பாபுவின் அலைச்சலும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகின்றன. தொடர் என்ற வடிவம் எழுத்தாளரைக் கட்டிப்போடுவதில்லை. கட்டுப்படுவது அவரவர் தேர்வு.

ஏட்டுவாசி:

மேலத்தெரு சொல்வது சரியான வாதம். ஆனால் நான் சலுகை கேட்கவில்லை, படிக்கும் வேகத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். 'மோக முள்'ளையும் வேகமாகப் படிக்க முடியாது. அங்கே காரணம் உரையாடல். ஜானகிராமன் முக்கியமான எதையும் விவரணையில் சொல்லமாட்டார், இரண்டு பேர் பேசும்போது ஒருவர் பேச்சை மாற்றுவார் பாருங்கள், அங்கே வைத்திருப்பார். யமுனாவின் பேச்சை மட்டும் தனியாகத் திரும்பப் படித்தால், பாபு அவளைப் பற்றி நினைப்பதற்கும் அவள் தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். 1995இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கதை தெரியும் என்று பக்கங்களைத் தள்ளுவார்கள். தள்ளினால் இந்த நாவலில் எதுவும் மிஞ்சாது.

தென்னங்கீற்று:

தொடர் வடிவம் பற்றிய பேச்சில் ஜெயகாந்தனையும் சேர்க்கவேண்டும். அங்கே படிக்கும் வரிசை மிக முக்கியம்.

முதலில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் வீடு திரும்புகிறாள், தாய் தலையில் தண்ணீரை ஊற்றி, நடந்ததை வெளியே தெரியாமல் அடக்கிவிடுகிறாள். அந்த முடிவு பெரிய சர்ச்சையானது. தாய் அடக்காமல் ஊர் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்துதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' தொடங்குகிறது. தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் வந்த தொடர் அது.

நாவலுக்குள் அந்தச் சிறுகதையே ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. எழுதியவர் ஆர்.கே.வி. என்ற பாத்திரம். நாயகி கங்கா அதைப் படிக்கிறாள், தன் கதை வேறு முடிவோடு அச்சில் இருப்பதைப் பார்க்கிறாள். சிறுகதையைப் படிக்காமல் நாவலுக்கு வருபவருக்கு இந்த இடம் சாதாரணமாகக் கடந்துபோகும். படித்தவருக்கு நாவலின் மையமே அங்கேதான். மூன்றாவதாக 'கங்கை எங்கே போகிறாள்'. அதை உடனே எடுக்கவேண்டாம், நடுவில் வேறொரு நூல் படியுங்கள். கங்காவைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வந்தபிறகு போனால்தான் ஜெயகாந்தனோடு சண்டை போடமுடியும்.

கடலோடி:

ப. சிங்காரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'புயலிலே ஒரு தோணி'யில் இடறிவிழுபவர்கள் அதிகம், அவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

வரிசை: 'கடலுக்கு அப்பால்' (1959) முதலில், 'புயலிலே ஒரு தோணி' (1972) பிறகு. இரண்டும் தனித்தனியாக நிற்கும், ஆனால் ஒரே உலகம், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பினாங்கும் சுமத்ராவும். முன்னது நேர்கோட்டில் செல்லும் காதல் கதை. வட்டிக்கடை எப்படி நடக்கும், மேலாள் யார், அடுத்தாள் யார், பெட்டியடிப் பையன் யார் என்பதெல்லாம் அதிலேயே பழகிவிடும்.

பெயர்களில்தான் முதல் குழப்பம் வரும். நாவன்னா, மூனா, வானா என்று வருபவை கடை விலாசத்தின் முதலெழுத்துகள். ஆளைக் கடை விலாசத்தாலேயே அழைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். முதல் ஐம்பது பக்கம் படிக்கும்போது ஒரு தாளில் விலாசம், ஆள், ஊர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குழப்பம், யார் பேசுகிறார்கள் என்பது. சிங்காரம் பல இடங்களில் "என்றான்" போடுவதில்லை. நாலைந்து பேர் மதுக்கடையில் உட்கார்ந்து தமிழ், தமிழர் பெருமை என்று வாதிடும் காட்சியில் வரிகள் ஆள் பெயரில்லாமல் அடுக்கடுக்காக வரும். ஒவ்வொரு வரிக்கும் ஆள் தேடாதீர்கள். சபையின் இரைச்சலாகக் கேட்டுக்கொண்டு போங்கள், நாயகன் பாண்டியனின் குரல் இரண்டு பக்கத்துக்குள் தனியாகப் பிரிந்துவிடும்.

மூன்றாவது, காலம் தாவுவது. சுமத்ராவின் மெடான் நகரத் தெருவில் நடந்துகொண்டிருப்பவன் மனம் அடுத்த வரியிலேயே மதுரை வீதிக்குப் போய்விடும். இடைவெளியோ நட்சத்திரக் குறியோ இருக்காது. தெருப் பெயர்தான் அடையாளம். ஸ்ட்ராட் என்று முடிந்தால் டச்சுக்காரர் போட்ட பெயர், நாம் சுமத்ராவில் இருக்கிறோம். மாசி, சித்திரை என்று வந்தால் மதுரைக்கு வந்துவிட்டோம்.

தொங்கானில் (பாய்மரச் சரக்குக் கப்பல்) கடல் கடக்கும் புயல் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியங்கள் அலையோடு சேர்ந்து நீண்டு குறுகும். தமிழில் கடலை இப்படி எழுதியவர் அவருக்கு முன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கரிசல்காடு:

வட்டார வழக்கு நாவல்களுக்கு வருவோம். சொல்லகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பது வாசிப்பைக் கெடுக்கும். முதல் முப்பது பக்கம் அகராதி தொடாமல் போங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல் சூழலிலேயே விளங்கும். அதன்பிறகும் விளங்காமல் நிற்பவற்றை மட்டும் பாருங்கள். கி. ராஜநாராயணனின் (கி.ரா.) கரிசல் சொல்லகராதி 1982இல் வந்தது, பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல். இரண்டுமே உட்கார்ந்து படிக்கக்கூடிய நூல்கள்.

'கோபல்ல கிராமம்' (1976) படிப்பவர்கள் கதாநாயகனைத் தேடவேண்டாம், ஊர்தான் கதை. மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் இடப்பெயர்ச்சிக் கதைக்குப் பிறகு கோட்டையார் வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தொடர்ச்சி 'கோபல்லபுரத்து மக்கள்', 1991க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அடுத்து பூமணியின் 'பிறகு', 'வெக்கை'. கி.ரா.வில் சம்சாரி (விவசாயி) வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த அதே கரிசலை, பூமணியில் தெருவின் மறுமுனையிலிருந்து பார்ப்பீர்கள். 'வெக்கை' எட்டு நாள் கதை, எடுத்தால் வைக்கமுடியாது. 'அசுரன்' படம் அதிலிருந்து வந்தது, ஆனால் படத்தின் பழங்கதைப் பகுதியை நாவலில் தேடாதீர்கள்.

கடலோடி:

கடற்கரைக்கு ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004). மூன்று பேர் நடுக்கடலில் மரத்தைப் பிடித்துக்கொண்டு தத்தளிப்பது ஓர் இழை. ஆமந்துறையின் பழைய காலம் இன்னோர் இழை. அத்தியாயத் தலைப்பில் இருக்கும் ஆண்டைப் பார்க்காமல் தாண்டினால் தாத்தாவும் பேரனும் குழம்பிவிடுவார்கள். காற்றின் பெயர்களை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் போதும்: வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, சோழகம் தெற்கு, கச்சான் மேற்கு. எந்தக் காற்று என்று சொன்னதுமே அன்றைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதும் அதிலேயே சொல்லியாகிவிட்டது.

பவளமல்லி:

'விஷ்ணுபுரம்', 'காவல் கோட்டம்' போன்ற பெரிய நூல்களுக்கும் யாராவது இதுபோலச் சொல்லுங்களேன்.

ஏட்டுவாசி:

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) மூன்று பகுதி: ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி. அவை கால வரிசையில் இல்லை. முதல் பகுதியில் புராணமாகவும் சிலையாகவும் பேசப்படும் மனிதர்கள் இரண்டாம் பகுதியில் உயிரோடு நடமாடுவார்கள். முதல் பகுதியில் பெயர்கள் மலைமலையாக வந்து குவிவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கௌஸ்துபத்தில் தத்துவ விவாதம் நீளும். பௌத்தம், சாங்கியம், வைசேஷிகம் பற்றிப் பள்ளிப் பாட அளவுக்குத் தெரிந்துகொண்டு போனால், யார் எந்த இடத்தில் தோற்கிறார் என்பது பிடிபடும்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி ஆறு நூற்றாண்டு மதுரை. முன்பகுதியில் அரசர்கள் வேகமாக மாறுவார்கள். அங்கே களைத்துப்போனால், தாதனூர் என்ற கிராமம் வரும் பகுதிக்குப் போய் அதை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். களவுக்குப் போகும் இரவுகளின் நுணுக்கம்தான் அந்த நூலின் உயிர். மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்படும் பகுதிக்குள் மட்டும் கண்டிப்பாக வரிசையாகப் படியுங்கள்.

சுழல்காற்று_மதுரை:

'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) படிக்கப்போகிறவர்களுக்கு: ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளரை இணையத்தில் தேடாதீர்கள், அப்படி ஒருவர் கிடையாது. அவர் இறந்த நாளைக் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யூவின் மரணத்துக்கு மறுநாளாக வைத்ததும் சுந்தர ராமசாமியின் கட்டுமானம்தான். முற்பாதி பாலு என்ற எழுத்தாளன் தேடிப்போவது, பிற்பாதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. நாட்குறிப்பை முதலில் புரட்டாதீர்கள். பாலு கட்டிவைத்த உருவத்தோடு அங்கே போனால்தான் உரசல் தெரியும்.

மேலத்தெரு:

எல்லோரும் பெரிய நூலாகச் சொல்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளவருக்கு 'வாடிவாசல்' (1959) இருக்கிறது, ஜல்லிக்கட்டுக் கதை. ஒரே மாலை, ஒரே வாடி, பிச்சியும் காரிக் காளையும். எழுதிய சி.சு. செல்லப்பா எதையும் விளக்கமாட்டார், காளை எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். அதே அளவில் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942). பங்கு பிரிக்கச் சொல்லும் ஒரு விதவையைப் பற்றி அந்தக் காலத்தில் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறார். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964).

பவளமல்லி:

மிக்க நன்றி எல்லோருக்கும். கல்லூரி வாசகர் வட்டத்துக்கு ஆறு மாதம், மாதம் ஒரு நூல் என்று வைத்தால் எப்படி அடுக்குவது?

நூலகப்படி:

வாடிவாசல், கமலாம்பாள் சரித்திரம், அக்கினிப் பிரவேசத்தோடு சேர்த்து சில நேரங்களில் சில மனிதர்கள், வெக்கை, கடலுக்கு அப்பால், புயலிலே ஒரு தோணி. மோக முள்ளை விடுமுறைக்கு ஒதுக்குங்கள். ஒரே பதிப்பை எல்லோரும் வைத்திருக்கவேண்டும், இல்லையென்றால் பக்க எண் சொல்லிப் பேசமுடியாது, அரைமணி நேரம் இடம் தேடுவதிலேயே போய்விடும். பிரதி குறைவாக இருந்தால் அத்தியாய எண்ணையும் பத்தி எண்ணையும் வைத்துப் பேசுங்கள். 'புயலிலே ஒரு தோணி'க்கு மட்டும் கூட்டத்தை இரண்டு வாரமாகப் பிரித்து, முதல் வாரம் தொங்கான் பயணம் வரை நிறுத்துங்கள்.